மாத்திரையை எட்டாக உடைக்க முடியுமா?

பிறந்து சில நாளே ஆன பிள்ளை, எடை மூன்று கிலோ, இதயத்தில் கோளாறு. உடம்பில் தேங்கும் நீரைக் குறைக்க டாக்டர் ஸ்பைரோனோலாக்டோன் எழுதுகிறார்: கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 3 மில்லிகிராம். கையில் இருப்பதோ பெரியவர்களுக்கான 25 மில்லிகிராம் மாத்திரை. எட்டில் ஒரு பங்கைக் கத்தியால் எப்படி நறுக்குவது? நறுக்கினாலும் பிள்ளை விழுங்குமா?

இங்கேதான் மருந்தாளுநர் அந்தப் பிள்ளைக்கென்றே மருந்தைக் கலக்கிறார். மலேசியாவில் இது பெரும்பாலும் அரசு மருத்துவமனை மருந்தகங்களில் நடக்கும் வேலை. ஜொகூர் மாநிலத்தில் எங்கள் கூலாய்க் குடும்பங்களுக்கு அருகிலிருப்பது தெமெங்கோங் ஸ்ரீ மகாராஜா துன் இப்ராஹிம் மருத்துவமனை. நோய் சிக்கலானால் ஜொகூர் பாருவுக்குப் போகிறோம்.

நம் பாட்டிமார் உரைமருந்து கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். வசம்பையும் ஜாதிக்காயையும் கல்லில் இத்தனை உரசு என்று எண்ணித்தான் உரசுவார்கள். அந்தக் கவனத்தோடு தராசும் கணக்கும் சேர்ந்தால் மருந்தகத்தின் வேலை புரிந்துவிடும்.

நான்கு மாத்திரை கல்வத்தில் விழுகிறது. நெறுநெறுவென்பது அடங்கி, மாவு போலாகும் வரை அரைக்கிறார்கள். பாகு போன்ற திரவத்தில் சில சொட்டு விட்டுக் குழைத்துப் பசையாக்குகிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரவம் சேர்த்து, கல்வத்தையும் அதே திரவத்தால் அலசி ஊற்றி, அளவுக் குழாயில் சரியாக 100 மில்லிக்குக் கொண்டுவருகிறார்கள். ஒட்டியிருக்கும் தூளும் மருந்து, அதை விட்டுவிடக் கூடாது. இப்போது ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம். பிள்ளைக்கு 3 மில்லி.

எல்லா மாத்திரையையும் இப்படிப் பொடிக்க முடியாது. மெதுவாகக் கரையும்படி செய்தவற்றை உடைத்தால் நாள் முழுதுக்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். வீட்டில் நீங்களாகப் பொடிக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

கலக்கும் திரவமும் மருந்தைப் போலவே முக்கியம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து போன இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டுச் சோதனை காட்டியது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் இதே நச்சுதான். எண்பத்தெட்டு வருடம் கழித்தும் பிள்ளைகள் இதனால் சாவதை என்னால் தாங்கவே முடியவில்லை. சோதித்துச் சான்று பெற்ற திரவத்தை மட்டும் மருந்தகம் எடுக்க வேண்டும் என்பது வெறும் சடங்கல்ல.

பாட்டில் வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் பங்கு. லேபிளில் மலாயில் ‘கொன்சாங்’ என்றிருந்தால் குலுக்கச் சொல்கிறார்கள். துகள் அடியில் தங்கும் மருந்து இது. குலுக்காவிட்டால் முதல் நாட்களில் வெறும் பாகும் கடைசியில் அளவுக்கு மீறிய மருந்தும் பிள்ளை வாயில் போகும். சமையல் கரண்டி வேண்டாம், மருந்தகத்தில் தரும் ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள். இப்படிக் கலந்த மருந்துக்கு ஆயுசு குறைவு, எழுதிய தேதி தாண்டினால் மிச்சத்தை மருந்தகத்திடமே திருப்பிக் கொடுங்கள்.

ஒரே மருந்தை இன்னோர் இடத்தில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராமாகக் கலக்கியிருக்கலாம். பழைய பழக்கத்தில் 3 மில்லி கொடுத்தால் பிள்ளைக்குப் போவது 15 மில்லிகிராம், ஐந்து மடங்கு! புதுப் பாட்டில் கைக்கு வந்ததும், மருந்தக ஜன்னலை விட்டு நகருமுன், “ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம்? என் பிள்ளைக்கு எத்தனை மில்லி?” என்று கேட்டு, சிரிஞ்சில் அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.