அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்ததா?

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன், கொழும்பு மொத்த வியாபாரி ஒருவரின் சேர்வருக்கு வவுனியாவிலிருந்து ஓடர் பட்டியலை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன். இடையில் இணைப்பு அறுந்து, பாதிக் கோப்புத்தான் அங்கே சேர்ந்திருந்தது. சரக்கும் பாதிதான் வந்தது.

லொறி புறப்பட்டதும் சரக்கு இறங்கிவிட்டதாக நாம் கணக்கெழுதுவதில்லை. கோப்பும் அப்படித்தான். எனவே மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, சேர்வரின் பதில். எஃப்.டி.பி. முறையில் 226 வந்தால் அனுப்புதல் முடிந்தது. 426 வந்தால் இடையில் அறுந்தது.

இரண்டாவது, அளவு. சேர்வரின் பட்டியலை மீண்டும் திறந்து, கோப்பின் பைட் அளவை உங்கள் கணினியிலுள்ளதுடன் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, முக்கியமான கோப்பென்றால் எஸ்.எச்.ஏ.-256 கைரேகை. 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட இது, கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும். இரு பக்கமும் ஒன்றாயிருந்தால் கோப்பு முழுமையாகச் சேர்ந்துவிட்டது.

வருமான வரி விபரத்திரட்டுக்கும் இதே கவனம் வேண்டும். அதற்கான இறுதி நாள் நவம்பர் 30. அன்று இரவுவரை காத்திராமல் முன்னதாகவே அனுப்பி, கிடைத்ததற்கான ஒப்புகையை அச்சிட்டுக் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள். தவணை தவறினால் தண்டப்பணம் நம் தலையில்தான்.