ஏறாத பணம்

மாதம் பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரே கேள்விதான் திண்ணைக்குத் திண்ணை போகிறது. “ஏறிருச்சா?” எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர் என எந்தப் பக்கம் போனாலும் அது மாற்றுத்திறனாளி உதவித்தொகைதான். வங்கிக் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரவாகிவிட்டதா என்று பொருள். “எனக்கு ஏறிருச்சு அத்தே, உங்களுக்கு?” என்று ஒருவர் கேட்டு, மற்றவர் “இன்னும் ஏறலையே” என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது. பேரை அடித்துவிட்டார்களோ என்ற பயம் வந்துவிடும். அடுத்த நாளே தாலுகா ஆபீசுக்குப் போகலாமா, திங்கட்கிழமை வரை பொறுத்திருந்து கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாமா, யாரைத் துணைக்குக் கூப்பிடுவது என்று பேச்சு ஓடும்.

உதவித்தொகையை வெட்டுவது என்றால் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும், சட்டமன்றத்தில் யாராவது எழுந்து பேச வேண்டும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சில நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது. பிரிட்டனில் தொழிற்கட்சி அரசு 2025 மார்ச்சில் உடல்நலம், ஊனம் தொடர்பான உதவித்தொகைகளின் விதிகளை இறுக்கி ஆண்டுக்குச் சுமார் 500 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கப்போவதாகச் சொன்னது. மாற்றுத்திறனாளிகள் தெருவுக்கு வந்தார்கள். ஆளுங்கட்சியிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் எதிர்த்தார்கள். ஜூலை 1ஆம் தேதி, வாக்கெடுப்புக்குக் கொஞ்ச நேரம் முன்பு, மசோதாவில் அதிகம் எதிர்க்கப்பட்ட பகுதியை அரசு கைவிட்டது. புதிதாக விண்ணப்பிப்போருக்கான வேறொரு தொகையைக் குறைக்கும் பகுதி நிறைவேறிவிட்டது. பாதி வெற்றிதான் அது. ஆனாலும் எவ்வளவு வெட்டுகிறார்கள், யார் வெட்டுகிறார்கள், யார் கை தூக்கினார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

நம் ஊரில் வெட்டு அப்படி வருவதில்லை. அது சத்தமில்லாமல் வருகிறது. அதை எதிர்த்து ஓட்டுப் போட ஒரு நாளே கிடைப்பதில்லை.

மத்திய அரசின் பங்கை எடுத்துக்கொள்வோம். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009இல் மாதம் 200 ரூபாயில் தொடங்கியது. 2012இல் அது 300 ஆனது. அதோடு நின்றுவிட்டது. அந்த 300 ரூபாயும் எல்லோருக்கும் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஊனம் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், வயது 18 முடிந்திருக்க வேண்டும். அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டில் 2012ஆம் ஆண்டு விலைகளை 100 என்று வைத்தால் 2025இல் அது 200ஐ நெருங்கிவிட்டது. அன்றைய 300 ரூபாய்க்கு இன்று ஏறத்தாழ 150 ரூபாய் மதிப்புதான். பாதியை யாரும் கையெழுத்துப் போட்டுக் குறைக்கவில்லை. உயர்த்தாமல் விட்டார்கள், விலைவாசி அதைத் தின்றுவிட்டது. முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்குமாகத் தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு மத்திய பட்ஜெட் ஒதுக்கிய தொகை 2024-25, 2025-26 இரண்டு ஆண்டுகளிலும் அதே 9,652 கோடி. நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழு இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லிப் பலமுறை பரிந்துரைத்தும் பலனில்லை.

தமிழ்நாடு தன் கஜானாவிலிருந்து போட்டு நிரப்புவதால் இங்கே நிலைமை சில வட மாநிலங்கள் அளவுக்கு மோசமில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். 1962லேயே முதியோர் ஓய்வூதியம் தொடங்கிய மாநிலம் இது. ஆனால் இங்கும் 2011இல் 1,000 ரூபாயான உதவித்தொகை பதினோரு ஆண்டுகள் அசையவில்லை. 2022 டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று முதலமைச்சர் அறிவித்து, 2023 ஜனவரி முதல் அது 1,500 ஆனது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உள்ளோர், தசைச்சிதைவு நோயாளிகள் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாகத் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. ஊனத்தோடு வாழ்வதற்கே தனியாகச் செலவு உண்டு என்பதை அந்த வரி ஏற்றுக்கொள்கிறது. சட்டம் வந்த பிறகும் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல், 2022 முடியும் வரை, தமிழ்நாட்டில் முதியோருக்கும் 1,000, மாற்றுத்திறனாளிக்கும் 1,000. மாதம் 250 ரூபாய் சட்டப்படி கூடுதலாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைக் கேட்டுப் பெற முடியும் என்பதே பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை. பிறகு 2023 ஆகஸ்டில் முதியோர் தொகை 1,200 ஆனது. 1,200உடன் கால் பங்கு சேர்த்தால் 1,500. சட்டம் ‘குறைந்தது’ என்று போட்ட கோட்டின் மேல், ஒரு ரூபாய்கூடக் கூடாமல் குறையாமல், அப்போது நம் உதவித்தொகை வந்து நின்றது.

இதனால்தான் எல்லோர் கண்ணும் ஆந்திரத்தின் பக்கம் திரும்பியது. அங்கே 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆனது. படுத்த படுக்கையாக முழுமையாக முடங்கியவர்களுக்கு 15,000. தெலங்கானாவில் 2023லேயே 4,016. கேரளம் 2025 நவம்பரில் 2,000 ஆக்கியது. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் ஆந்திரத் தொகையைக் கேட்டு மாவட்டந்தோறும் மறியல் நடத்தியது. சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் சாலையில் உட்கார்ந்து கேட்ட அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது என்பதே என் கருத்து. 1,500 ரூபாய் என்றால் நாளுக்கு ஐம்பது ரூபாய். தண்டுவடம் அடிபட்டுப் படுத்திருக்கும் ஒருவருக்குச் சிறுநீர்க் குழாய்க்கும் புண் மருந்துக்கும் அது போதாது. அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் இருக்கும் மனைவியின் கூலி இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

ஆனால் அதே ஆந்திரத்தில் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். தொகை ஏறியதும் போலிகள் புகுந்துவிட்டதாகச் சொல்லி 2025இல் எல்லோரையும் மருத்துவக் குழு முன் மறுபடி நிறுத்தினார்கள். ஏராளமானோருக்கு “உங்கள் ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே, ஓய்வூதியம் நிற்கும்” என்று ஆகஸ்டில் நோட்டீஸ் போனது. பல ஆண்டுகளாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே காகிதத்தில் ‘தகுதியற்றவர்’ ஆனார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு மேல்முறையீட்டுக்கு வழி விட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தச் செய்தி வந்து சேர எத்தனை நேரம் ஆகும்? தொகையைக் கூட்டினால் சோதனையும் கூடுமோ, கேட்கப் போய் இருப்பதும் போய்விடுமோ என்ற தயக்கம் நம் கிராமங்களில் இருக்கிறது. உரிமையைக் கேட்கவே ஒரு மனிதனைப் பயப்பட வைத்துவிட்டால், அதற்குப் பிறகு வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மறுபரிசோதனை என்ற சொல் கோப்பில் சிறியது. பேரையூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இரண்டு காலும் வராத ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வர வேண்டும். டவுன் பஸ்ஸில் அவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். பஸ்ஸில் ஏற முடிந்தால் அல்லவா? வாடகைக் கார் பிடித்தால் ஒரு மாத உதவித்தொகை அதிலேயே போய்விடும். உடன் வருபவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். காது கேட்காதவருக்கு மூளைத்தண்டு அலைப் பரிசோதனை. அன்றைக்கு நடக்காவிட்டால் இன்னொரு தேதி. அறிவுசார் குறைபாடு என்றால் நுண்ணறிவுச் சோதனை. தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிவு, ஆதாரில் ஒரு மாதிரி எழுத்து, சான்றிதழில் இன்னொரு மாதிரி எழுத்து என்றால் இ-சேவை மையத்துக்கு மீண்டும் ஒரு நடை.

பணம் கணக்கில் ஏறிய பிறகும் கைக்கு வர ரேகை வைக்க வேண்டும். வங்கி முகவர் கொண்டுவரும் சின்னக் கருவியில் தொழுநோயால் விரல் தேய்ந்தவருக்கு ரேகை விழாது. மூளை முடக்குவாதத்தால் கை நடுங்குபவருக்கும் விழாது. விரல் இல்லாதவர்களுக்கும் ஆதார் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. பதிவு வேறு, மாதாமாதம் பணம் எடுப்பது வேறு. “ரேகை விழலப்பா, அடுத்த வாரம் பார்ப்போம்” என்று முகவர் சொன்னால் அந்த வாரம் மருந்து இல்லை.

மனநோய் உள்ளவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்களுடைய ஊனம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாதம் நன்றாக இருப்பார்கள், அடுத்த மாதம் எழவே முடியாது. நன்றாக இருக்கும் நாளில் பரிசோதனைக்குப் போனால் சதவீதம் குறையும். மோசமாக இருக்கும் நாளில் போகவே முடியாது. பலருக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் கிடைக்கிறது, காலாவதியானால் திரும்ப முதலிலிருந்து. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாத குடும்பங்கள் கொண்டுபோய் விட்டவர்கள்தான் அத்தகைய காப்பகங்களில் பெரும்பாலும் இருந்தார்கள். மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்றவை வீட்டோடும் ஊரோடும் வைத்துக் குணப்படுத்தும் வழியைக் காட்டின. அந்த வழிக்கு மாதாமாதம் நிற்காமல் வரும் சிறு தொகை மிகவும் தேவை. மாத்திரை ஒரு வாரம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அந்த வீட்டார்களுக்குத் தெரியும்.

போலிகளே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். ஊனச் சான்றிதழ் சர்ச்சையில் சிக்கிய பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி பூஜா கேட்கரின் தேர்வை 2024 ஜூலையில் யு.பி.எஸ்.சி. ரத்து செய்தபோது நாடே பேசியது. ஆனால் அந்தப் பேச்சு போன திசையைப் பாருங்கள். ஒருவர் மீதான குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு இடஒதுக்கீடே எதற்கு என்று படித்தவர்களே கேட்டார்கள். அதிகாரமும் செல்வாக்கும் உள்ளவர்கள் வாங்கும் பொய்ச் சான்றிதழுக்கும், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக வெயிலில் வரிசையில் நிற்பவருக்கும் என்ன சம்பந்தம்? சந்தேகத்தின் சுமை முழுவதையும் நிற்கவே முடியாதவர் மேல் ஏற்றுவது அநியாயம்.

உதவித்தொகை மனிதர்களைச் சோம்பேறியாக்கும் என்ற வாதமும் அவ்வப்போது வரும். அழகர்கோவில் சாலையில் சுந்தரராஜன்பட்டிக்குப் போய்ப் பார்க்கலாம். சிறுவயதில் பார்வை இழந்த எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இருக்கிறது. படித்து வேலைக்குப் போக வழி இருந்தால் போகாதவர் யார்? அந்த வழி வரும் வரைக்கும், வரவே முடியாத உடம்புக்கும்தான் இந்தப் பணம்.

சோதிப்பதை நான் எதிர்க்கவில்லை. சோதிக்கும் முறை மாற வேண்டும். எழ முடியாதவர் வீட்டுக்கு மருத்துவர் போக வேண்டும். நிரந்தர ஊனம் என்று ஒருமுறை எழுதிய பிறகு திரும்ப அழைக்கக் கூடாது. களவிசாரணை அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தவரை ‘ஊரில் இல்லை’ என்று எழுதிப் பேரை நீக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்துவதற்கு முன் காரணத்தை எழுத்தில் தந்து, மேல்முறையீடு முடியும் வரை பணத்தைத் தொடர்ந்து தர வேண்டும். தொகையை விலைக் குறியீட்டோடு கட்டிவிட்டால் பதினோரு ஆண்டுகள் தேர்தலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் நடக்கும் வரை, பணம் ஏறாதவர்கள் செய்யக்கூடியது உண்டு. தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தாரிடம் நிறுத்திய காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மருத்துவக் குழு போட்ட சதவீதம் தவறென்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. அதுவும் பலிக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்; விசாரணைக்கு ஆளையும் ஆவணத்தையும் வரவழைக்க சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை அந்த மனுவை எழுதிக் கொடுக்கலாம். மனுவில் 24ஆவது பிரிவு என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.