தோற்றமா, திட்டமா?

"காரிஸ்மா" என்ற சொல்லைச் செய்தித்தாள்களில் நாம் அடிக்கடி காண்கிறோம். வசீகரம், கவர்ச்சி, மக்களை ஈர்க்கும் சக்தி என்றெல்லாம் இதற்குத் தமிழில் பொருள் கூறுவர். இது கிரேக்க மொழிச் சொல். அருளால் கிடைத்த கொடை என்பதே இதன் முதற்பொருள். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வரங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் இச்சொல் வருகிறது. வரம் ஒவ்வொன்றும் எல்லாருடைய நன்மைக்காகவே தரப்படுகிறது என்கிறார் அவர். பிற்காலத்தில் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் இதைத் தலைவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். இன்றோ எல்லாருடைய நன்மை என்ற பாதி கழன்று விழுந்துவிட, வசீகரம் என்ற பாதி மட்டும் நம் கையில் நிற்கிறது.

ஒரு வேட்பாளரை அவருடைய வசீகரத்தைக் கொண்டு மதிப்பிடுவதா, கொள்கையைக் கொண்டு மதிப்பிடுவதா? இக்கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1960-ஆம் ஆண்டுத் தேர்தலைப்போல் பாடம் கற்பிக்கும் தேர்தல் வேறில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. நம் நாட்டுக் குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் மக்கள் மாநிலவாரியாகத் தேர்வாளர்களுக்கு வாக்களிக்க, அத்தேர்வாளர்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பர். சட்டம் அப்படி இருந்தாலும், மக்கள் மனத்தில் நிற்பது வேட்பாளரின் முகந்தான்.

அவ்வாண்டில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஜான் கென்னடியும், குடியரசுக் கட்சியின் சார்பில் துணை ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸனும் நின்றனர். செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு, சிக்காகோ நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தனர். சுமார் ஏழு கோடிப் பேர் அதைக் கண்டனர். நிக்ஸன் முழங்காலில் அடிபட்டு, அது சீழ்பிடித்து, ஏறத்தாழ இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து வந்தவர். உடல் இளைத்திருந்தது. அவர் அணிந்திருந்த சாம்பல் நிறச் சூட்டு கறுப்பு வெள்ளைப் படத்தில் பின்சுவரோடு கலந்து போயிற்று. தகுந்த ஒப்பனையையும் வேண்டாம் என்று விட்டார். கென்னடியோ கருநிறச் சூட்டில், வெயிலில் காய்ந்த முகத்தோடு, ஆரோக்கியமே உருவாக நின்றார்.

இங்கேதான் வேடிக்கை. நோயாளியாகத் தோன்றிய நிக்ஸனுக்கு இருந்தது ஆறிவரும் கால்புண். ஆரோக்கியமாகத் தோன்றிய கென்னடிக்கோ அடிசன் நோய் என்ற தீராத சுரப்பி நோயும், கடுமையான முதுகுவலியும் இருந்தன. அவருடைய தரப்பினர் இதை அப்போது மறுத்துவிட்டனர். தொலைக்காட்சிப் பெட்டி மக்களுக்குக் காட்டியது உண்மைக்கு நேர் எதிரான படம்!

வானொலியில் கேட்டவர்கள் நிக்ஸனே வென்றார் என்றும், தொலைக்காட்சியில் கண்டவர்கள் கென்னடியே வென்றார் என்றும் சொன்னதாக ஒரு கதை புத்தகத்துக்குப் புத்தகம் வருகிறது. ஆனால் அக்கதைக்கு ஆதாரம் சில நூறு வானொலி நேயர்களிடம் எடுத்த ஒரே ஒரு கணக்கெடுப்பு. 1987-இல் இரண்டு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, இவ்வளவு சிறிய ஆதாரத்தின்மேல் இவ்வளவு பெரிய முடிவைக் கட்டக் கூடாது என்று எழுதினர். ஆகவே ‘மக்கள் முகத்தைப் பார்த்து ஏமாந்தார்கள்’ என்று நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம்.

சரி, அன்று இருவரும் என்னதான் பேசினார்கள்? படித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஆசிரியர் சம்பளம், முதியோருக்கு மருத்துவ உதவி, குறைந்தபட்சக் கூலி என்று வீட்டு விவகாரங்களாகவே பேசியிருக்கிறார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு மத்திய அரசு பணம் தர வேண்டும் என்றார் கென்னடி. பள்ளிக் கட்டடத்துக்குத் தரலாம், சம்பளத்துக்குத் தந்தால் நாளை எதைக் கற்பிப்பது என்பதிலும் மத்திய அரசு தலையிடும் என்றார் நிக்ஸன். இரண்டுமே சிந்திக்கத்தக்க கருத்துகள். எங்கள் வரலாற்று ஆசிரியை இப்பகுதியைப் பேசியவர் பெயரை மறைத்து வகுப்பில் தமிழில் வாசித்துக் காட்டி, கை தூக்கச் சொன்னார்கள். வகுப்பு ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தது. பெயரைச் சொன்னதும் தூக்கிய கையைச் சிலர் மெல்ல மாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள், ஆசிரியை அனுமதிக்கவில்லை.

கென்னடியின் பெயருக்கு நம்மிடையே தனி மதிப்பு உண்டு. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி அல்லவா? 1928-இல் நின்ற ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் தோற்றபின், 32 ஆண்டுகள் கழித்து வந்த வெற்றி அது. ஆனால் 1960 செப்டம்பர் 12-இல் ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னிலையில் அவர் பேசியதை நம்மவர் பலர் அறியார். தாம் கத்தோலிக்கரின் வேட்பாளர் அல்லர், கட்சியின் வேட்பாளர் என்றார். திருச்சபைப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் தரக் கூடாது என்றும் சொன்னார். 1961-இல் அவர் கொண்டுவந்த கல்வி மசோதாவிலும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இடமில்லை. ஆயர்களே அதை எதிர்த்தனர், மசோதா நிறைவேறவில்லை. ‘நம்மவர்’ என்பதும் ஒரு வகை வசீகரந்தான். அதை மட்டும் பார்த்து வாக்களித்த கத்தோலிக்கத் தாய் ஒருத்தி, தன் மகள் படித்த கன்னியர் பள்ளிக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று முன்பே கேட்டிருக்கலாம். கேட்ட பிறகும் அவருக்கே வாக்களித்திருக்கலாம், அது வேறு.

கொள்கை என்று சொன்னால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ரஷ்யாவைவிட ஏவுகணைகளில் அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்று கென்னடி அத்தேர்தலில் முழங்கினார். அவர் பதவிக்கு வந்த 1961-ஆம் ஆண்டிலேயே, முன்னணியில் இருப்பது அமெரிக்காதான் என்பது தெரிந்துவிட்டது. முதியோர் மருத்துவ உதவித் திட்டமோ 1962-இல் செனட் சபையில் நான்கு வாக்குகளில் தோற்றது. அத்தனை வசீகரமும் அந்த நான்கு வாக்கைப் பெற்றுத் தரவில்லை. ஏட்டுச் சுரைக்காயாகக் கிடந்த அதை 1965 ஜூலையில் சட்டமாக்கியவர் லிண்டன் ஜான்சன். மேடையில் கென்னடிக்கு நிகர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. ஆனால் செனட் சபையின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர். (அதே ஜான்சன்தான் வியட்நாம் போரைப் பெரிதாக்கினார் என்பதையும் மறப்பதற்கில்லை.)

இனிக் கட்சிக் கோட்டின் மறுபக்கம் வருவோம். குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் முன்னாள் திரைப்பட நடிகர். கென்னடியின் புன்னகையைத் தெய்வீகக் கொடை என்று போற்றிய ஜனநாயகக் கட்சியினரில் பலர், ரீகனின் புன்னகையை வெறும் நடிப்பு என்றனர். எதிர்ப்பக்கத்தாரும் அப்படித்தான், கென்னடியிடம் பகட்டைக் கண்ட கண்கள் ரீகனிடம் தலைமைப் பண்பைக் கண்டன. ஒரே சரக்குக்கு வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது வேறொரு படி வைத்து அளக்கும் கடைக்காரரை நாம் என்ன சொல்வோம்? வரியைக் குறைக்க வேண்டும் என்று 1963-இல் கேட்டவர் கென்னடி; 1981-இல் குறைத்தவர் ரீகன். இராணுவச் செலவைக் கூட்டியவர்கள் இருவருமே. முகத்தை மறைத்துவிட்டுத் திட்டத்தை மட்டும் வைத்தால், இவர் எந்தக் கட்சி என்று சில இடங்களில் சொல்லவே முடியாது.

1984-இல் ரீகனை எதிர்த்து நின்ற வால்டர் மாண்டேல், யார் ஜனாதிபதியானாலும் வரி உயரத்தான் போகிறது, தாம் அதை மறைக்கவில்லை என்று கட்சி மாநாட்டிலேயே சொன்னார். தேர்தலுக்கு முன்னே தன் வாயால் வரியை உயர்த்துவேன் என்று சொன்ன அவருடைய துணிவை நாங்கள் மெச்சுகிறோம். வரிக் குறைப்பால் பெயர் பெற்ற ரீகனே 1982-இல் வரியை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் என்பது பலருக்கு நினைவில்லை. 1984 அக்டோபர் 7-இல் நடந்த விவாதத்தில் 73 வயது ரீகன் தடுமாறினார். வயதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அக்டோபர் 21-இல் அதைப் பற்றிக் கேட்டபோது, எதிராளியின் இளமையையும் அனுபவக் குறைவையும் தாம் அரசியலாக்கப் போவதில்லை என்றார். மாண்டேலுக்கு அப்போது 56 வயது! அரங்கமே சிரித்தது, மாண்டேலும் சிரித்துவிட்டார். தேர்தலில் 50 மாநிலங்களில் 49 ரீகனுக்கு. மாண்டேலுக்குக் கிடைத்தவை அவருடைய சொந்த மாநிலமான மின்னசோட்டாவும், தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே.