உப்பும் மின்கலமும்

உப்புக்குப் பஞ்சமில்லாத நாடு நம்முடையது. தூத்துக்குடி உப்பளங்களை அறிந்து வளர்ந்த நேயர்கள் இன்று கட்ச் கரையிலும் சாம்பர் ஏரியிலும் அதே வெள்ளைக் குவியல்களைக் காண்கின்றனர். அவ்வுப்பில் அடங்கிய சோடியத்தைக் கொண்டு மின்கலம் செய்யலாம் என்ற செய்தி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பூமியின் மேலோட்டில் சோடியம் லிதியத்தைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் உள்ளது. ஆகவே மின்கலம் மலிந்துவிடும் என்பர். இவ்வாதத்தில் பாதியே உண்மை. மற்றப் பாதி மின்கலத்தின் நேர்முனையில் இருக்கிறது.

மின்கலத்துக்கு மின்னேற்றும்போது சோடிய அயனிகள் நேர்முனைப் பொருளை விட்டு எதிர்முனைக்குச் செல்கின்றன. நாம் மின்சாரத்தைச் செலவிடும்போது அவை திரும்பி வருகின்றன. கலத்தின் சோடியம் பெரும்பாலும் முதலில் குடியிருப்பது நேர்முனையிலேயே. எனவே கலத்தின் கொள்ளளவு, மின்னழுத்தம், ஆயுள், விலை யாவற்றிலும் அம்முனைக்குப் பெரும்பங்கு உண்டு.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. லிதிய அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், சோடிய அயனியினுடையதோ 1.02. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாய்ப் பகுத்ததில் ஒரு பங்கு. இத்துணைச் சிறு வேறுபாடு என்ன செய்துவிடும் என்று கலைப்பாடம் பயின்ற நமக்கும் முதலில் தோன்றியதுண்டு. ஆனால் உலோக ஆக்ஸைடுகளின் அமைப்பு புத்தகத்தின் ஏடுகளை ஒத்தது. சோடியம் தங்குவது ஏடுகளின் இடையே. பருத்த விருந்தாளி எழுந்து போனதும் ஏடுகள் நழுவி இடம் மாறுகின்றன. பல நூறு முறை இவ்வாறு நேர்ந்தால் துகள்கள் விரிசல் கண்டு, கலத்தின் சக்தி குன்றுகிறது. சிறிதளவு மக்னீசியமோ டைட்டேனியமோ சேர்த்தால் இந்நழுவல் குறைகிறது. ஈரக் காற்றால் கெடும் குறையும் இவ்வகையில் பலவற்றுக்கு உண்டு. மின்னழுத்தத்தை உயர்த்த நிக்கலைச் சேர்ப்பதும் வழக்கம். அப்போது உப்பின் மலிவு நிக்கலின் விலையில் கரைந்துவிடுகிறது.

பாஸ்பேட்டுச் சட்டங்களோ எளிதில் நழுவாதவை. அணுக்கள் முப்புறமும் பிணைந்து, அயனிகள் நடக்க அகன்ற வழி விட்டு நிற்கும் அத்தகைய அமைப்பொன்றை 1976இல் ஹாங், குடினஃப் ஆகியோர் விவரித்தனர். அவ்வழி வந்த சோடிய வனேடியப் பாஸ்பேட்டு ஏறக்குறைய 3.4 வோல்ட்டு தருகிறது, நெடுநாள் உழைக்கிறது. வனேடியமோ விலை மிக்கது, நச்சுத் தன்மையும் உடையது.

நம் உள்ளத்தைக் கவர்ந்தது இரும்பே. 2014இல் டோக்கியோவில் யமாதா, பிரபீர் பர்பாண்டா முதலியோர் சோடிய இரும்புச் சல்பேட்டு ஒன்றை நேர்முனையாக்கி 3.8 வோல்ட்டு பெற்றனர். இரும்புக்கு இது மிக உயர்ந்த அளவு. சல்பேட்டுக் கூட்டங்கள் எலெக்ட்ரான்களைத் தம்பால் இழுப்பதே இதன் காரணம். பர்பாண்டா பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்துள்ளார். இப்பொருளுக்கும் குறையுண்டு: ஈரம் ஆகாது, கடுஞ்சூட்டில் சிதைந்துவிடும் ஆதலால் மென்சூட்டிலேயே பக்குவமாய்த் தயாரிக்கவேண்டும்.

சோடியக் கலம், ஒரே அளவு மின்சாரத்துக்கு, சிறந்த லிதியக் கலத்தைவிடக் கனமானது. பகலில் விளையும் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் நிலையங்களிலும், வீட்டு மூலையில் அசையாது நிற்கும் இன்வெர்ட்டரிலும் அக்கனம் பாரமாகாது. அத்தகைய கலத்தை வாங்கும் நேயர்கள் உப்பின் பெயரைக் கேட்டு மகிழ்வதோடு, நேர்முனையில் இருப்பது நிக்கலா, வனேடியமா, இரும்பா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டறிக.