தம்பி பிறப்பதற்குள் ஒரு ரத்தச் சோதனை

மூன்று வயதுப் பையனின் கெண்டைக்கால் உருண்டு திரண்டிருந்தால் பாட்டிமார் திருஷ்டி கழிப்பார்கள். டூஷென் தசைச் சிதைவு நோயில் அந்தத் திரட்சியே ஒரு துப்பு. தசை அழிந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் அடைப்பதால் வரும் பருமன் அது. படியேறத் திணறுவான், குதிகால் படாமல் நடப்பான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் நிமிர்வான். 'ஆம்பிளைப் பிள்ளை மெதுவாத்தான் நடக்கும்' என்ற சமாதானத்தில் ஓரிரு வருடம் ஓடிவிடும்.

அந்த இடைவெளியில்தான் தம்பி பிறக்கிறான்.

கோளாறு எக்ஸ் குரோமோசோமில், 79 எக்ஸான்கள் கொண்ட டிஸ்ட்ரோபின் மரபணுவில். 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவரைப் பிடிக்கிறது. பன்னிரண்டு வயதையொட்டிச் சக்கர நாற்காலி. அப்புறம் இதயமும் மூச்சும்.

முதலில் வேண்டியது கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தச் சோதனை. இருநூறையொட்டி இருக்க வேண்டிய அளவு, இவர்களுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆயிரக்கணக்கில் நிற்கும். சென்னைப் புறநகரின் மாடம்பாக்கம், சேலையூர்க்காரர்கள் இதற்காக ரயிலேற வேண்டியதில்லை, பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தால் போதும். எழுதித் தர ஒரு மருத்துவருக்குத் தோன்ற வேண்டுமே! காய்ச்சலுக்கு எடுத்த ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி எகிறியிருந்தால் கல்லீரலைச் சந்தேகித்துக் கீழாநெல்லி தேடுவதே வழக்கம். அந்த நொதிகள் தசையிலும் உண்டு. கல்லீரல் நொதியான ஜிஜிடி சரியாக இருந்தால் பார்வை தசைப் பக்கம் திரும்ப வேண்டும். பிறகு எம்எல்பிஏ மரபணுச் சோதனை. பெரும்பாலோருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

மருந்தில்லாத நோயை முன்கூட்டிச் சொல்லி என்ன பயன் என்று கேட்போரும் உண்டு. ஸ்டீராய்டு, நடக்கும் காலத்தைச் சில வருடம் நீட்டிக்கிறது.

பெண்களையும் தாக்கும் தசைச் சிதைவு வகைகள் வேறு. சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கிய வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி இருவருமே தசைச் சிதைவுக்கு ஆளான சகோதரிகள். லிம்ப் கர்டில் எனப்படும் வகையில் பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமும் பழுது இருக்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் அங்கே ஆபத்தைக் கூட்டும். டூஷெனுக்கு அந்தப் பழி பொருந்தாது. மூன்றில் இரண்டு பங்குப் பையன்களுக்குத் தாய்வழியில் வருகிறது, மற்றவர்களுக்குப் புதிதாக முளைக்கிறது.

தாய் பழுதைச் சுமப்பவள் என்றால் அவள் தங்கைக்கும் சோதனை தேவை. வரன் பார்க்கிற வீட்டில் அதை யார் சொல்வார்கள்? அக்கா மகன் நடக்காததற்கு 'காய்ச்சல்ல கால் போயிடுச்சு' என்றொரு கதை தயாராகிவிடும். கல்யாணமாகிப் போன தங்கை கர்ப்பமானால், பதினோராம் வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அக்கா மகனின் மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அதில் உறுதியான பதில் கிடைக்கும்.