தவளையா, தேரையா? உடல் அடையாளம் கொண்டு இனங்காணும் முறை

தர்மபுரி மாவட்டத்தில் இரண்டு உழவு மழை பெய்துவிட்டால் போதும், ஏரி, குட்டை, கிணற்றடி, நெல் வயல் எங்கும் இரவில் தவளைச் சத்தம் கேட்கும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பகுதிகளின் நன்செய் நிலமானாலும், பென்னாகரம் பகுதியின் மானாவாரிக் கேழ்வரகு, சாமை நிலமானாலும், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டமானாலும் தவளை இல்லாத இடம் இல்லை. வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, புழு, அந்துப்பூச்சி, கறையான் ஆகியவற்றை இவை கூலியின்றித் தின்று தீர்க்கின்றன. ஆயினும் எல்லாத் தவளையும் ஒன்றல்ல. சில மண்ணுக்குள் வாழ்பவை; சில மரமேறுபவை; ஒன்று நஞ்சுள்ளது. இவற்றைப் பிரித்தறியத் தெரிந்திருப்பது உழவர்களுக்கு நன்மை தரும்.

பெயரால் வரும் குழப்பம்

சில ஊர்களில் சொரசொரப்பான உடல் கொண்ட சொறித்தவளையைத் தேரை என்பர். வேறு சில ஊர்களில் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளைக்கே தேரை என்று பெயர். முன்னது நஞ்சுச் சுரப்பி உடையது, பின்னது தீங்கற்றது. எனவே பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யக்கூடாது. உடல் அடையாளத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

நிறத்தையும் நம்ப இயலாது. ஒரே தவளை பகலில் வெளிறியும் இரவில் கருத்தும் காணப்படும். கீழ்க்கண்ட ஐந்து இடங்களைப் பார்த்தாலே போதுமானது.

1. கண்ணுக்குப் பின்னால் புடைப்பு உள்ளதா?
2. முதுகுத் தோல் வழவழப்பா, பருக்கள் உள்ளதா, நீள மடிப்புகள் உள்ளதா?
3. விரல் நுனி கூராக உள்ளதா, வட்டமாகத் தட்டையாக உள்ளதா?
4. பின்னங்கால் விரல்களுக்கு இடையே உள்ள சவ்வு எதுவரை செல்கிறது?
5. பின்னங்கால் பாதத்தின் உட்புறத்தில் மண்வெட்டி போன்ற கெட்டியான புடைப்பு உள்ளதா?

சொறித்தவளை

கண்ணுக்குப் பின்னால் பக்கத்திற்கு ஒன்றாக அவரை விதை போன்ற பெரிய புடைப்பு இருக்கும். இதுவே நஞ்சுச் சுரப்பி. கண்களைச் சுற்றித் தலையில் கறுப்பு நிற எலும்பு வரம்பு தெரியும். முதுகு முழுவதும் கறுப்பு முனை கொண்ட பருக்கள் இருக்கும். கால்கள் குட்டையானவை. ஆதலால் நீண்ட தாவல் தாவாது; சிறிது சிறிதாகத் தத்திச் செல்லும். மாலையில் விளக்கடியில் வந்து உட்கார்ந்து பூச்சி பிடிப்பது பெரும்பாலும் இதுதான். இதன் முட்டைகள் நீரில் நூல் கோத்த மணிகள் போல நீளமான சரமாகச் செடிகளைச் சுற்றிக் கிடக்கும்.

பெருந்தவளை

ஏரியிலும் நெல் வயலிலும் காணப்படும் மிகப் பெரிய தவளை இது. 15 செ.மீ. வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் வளரும். முதுகில் நீள மடிப்புகள் உண்டு. பெரும்பாலும் நடு முதுகில் வெளிர் நிறக் கோடு ஓடும். முதல் மழையின்போது ஆண் தவளை எலுமிச்சை மஞ்சள் நிறமாக மாறும். தொண்டையின் இருபுறமும் நீல நிறப் பைகள் உப்பும். இதைக் கண்டு புதிய இனம் என்று எண்ணிவிடக்கூடாது. பூச்சிகளுடன் நண்டு, சிறு எலி ஆகியவற்றையும் பிடித்துத் தின்னும். இதைப் போலவே இருந்து, உடல் மேலும் குட்டையாகவும் பருத்தும், பாதத்தில் மண்வெட்டிப் புடைப்புப் பெரிதாகவும் இருந்தால் அது ஜெர்டன் தவளை.

நீர்த்தவளையும் வயல் தவளையும்

கிணற்றிலும் குட்டையிலும் கண்ணை மட்டும் வெளியே காட்டி மிதப்பதும், ஆள் அரவம் கேட்டதும் நீரின் மேலேயே சில்லு எறிந்தாற்போல் தத்திச் செல்வதும் நீர்த்தவளை. சவ்வு விரல் நுனி வரை செல்லும். முதுகில் சிறு பருக்கள் இருப்பதால் சொறித்தவளை என்று மயங்கலாம். கண்ணுக்குப் பின்னால் பெரிய புடைப்பு இராது என்பதைக் கொண்டு வேறுபாடு அறியலாம்.

நெல் வயல் வரப்பில் நடக்கும்போது காலடியில் சிதறித் தாவும் சிறு தவளைகள் வயல் தவளைகள். முதுகில் துண்டு துண்டான மடிப்புகள் இருக்கும். சவ்வு விரல் நுனி வரை செல்லாது.

மரத்தவளை

விரல் நுனி ஒவ்வொன்றும் வட்டத் தட்டுப் போல அகன்றிருக்கும். சுவர், வாழை மட்டை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொடையின் பின்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் உண்டு. தொட்டி விளிம்பிலும் நீருக்கு மேலுள்ள கிளையிலும் காணப்படும் வெண்ணிற நுரை உருண்டை இதன் கூடு. நுரைக்குள் பொரித்த குஞ்சுகள் சில நாட்களில் கீழேயுள்ள நீரில் விழும். ஆகவே அந்த நுரையை அழுக்கு என்று எண்ணிக் கழுவிவிட வேண்டாம்.

மண்ணில் புதையும் தவளைகள்

மணலுக்குள் மறைந்திருக்கும் தவளையை நம் முன்னோர் நுணல் என்று அழைத்தனர். இவை உருண்டை உடலும் குட்டைக் கால்களும் கொண்டவை. பாதத்திலுள்ள மண்வெட்டிப் புடைப்பால் பின்புறமாகவே மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கி, வறண்ட மாதங்களைக் கழிக்கும். கோடை உழவில் மண்கட்டியோடு வெளியே வருபவை இவையே. மூக்குக் கூர்மையாகவும் வாய் சிறுத்தும் இருந்தால், அவை எறும்பையும் கறையானையும் முக்கிய உணவாகக் கொண்டவை. கருத்த முதுகில் செங்கல் நிறத் திட்டுகள் கொண்ட வண்ணத்தவளையும், தொட்டால் பந்து போல் உப்பும் தவளையும் இந்த வகையைச் சேர்ந்தவை. கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தும் காது அடைக்கக் கத்தும் சிறுவாய்த் தவளையும் இவற்றின் உறவே.

தவறான நம்பிக்கைகள்

சொறித்தவளையைத் தொட்டால் மரு வரும் என்பது உண்மையல்ல. மரு ஒரு வைரஸ் கிருமியால் உண்டாவது. தேரை மோந்ததால் தேங்காயில் பருப்பு இல்லாமல் போகிறது என்பதும் தவறு. எந்தத் தவளையாலும் தேங்காயின் மட்டையையும் ஓட்டையும் தாண்டி உள்ளே எதுவும் செய்ய இயலாது. மகரந்தச் சேர்க்கைக் குறைவு, சாம்பல் சத்து மற்றும் போரான் சத்துக் குறைவு போன்றவையே காரணங்கள். தேரையை அடித்துக் கொல்வதை விட்டு, மண் ஆய்வு செய்து உரமிடுவதே பலன் தரும்.

ஆனால் சொறித்தவளையின் நஞ்சு உண்மையானது. அதைக் கவ்விய நாய் வாயில் நுரை தள்ளும். உடனே நீர் விட்டு வாயைக் கழுவ வேண்டும். நஞ்சு கண்ணில் பட்டால் தாராளமாக நீர் விட்டுக் கழுவ வேண்டும். தவளை என்று நினைத்து இதைச் சமைத்துத் தின்றவர்கள் உயிரிழந்ததுண்டு. வேக வைத்தாலும் நஞ்சு நீங்காது. யாரேனும் தின்றுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

பெருந்தவளையின் கால்களுக்காக ஒரு காலத்தில் நம் நாட்டில் தவளைகள் பெருமளவில் பிடிக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. வயல்களில் தவளை குறைவதைக் கண்டு 1987-ல் இந்திய அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்றோ பிடிப்பவரைவிட மருந்துத் தெளிப்பானே தவளைக்குப் பெரிய பகை. தவளையின் தோல் நீரை உறிஞ்சும் தன்மை உடையது. தலைப்பிரட்டை நீரிலேயே மூச்சு விடுவது. ஆகவே நீரில் கலக்கும் மருந்து இவற்றை எளிதில் தாக்குகிறது.

தெளிப்பானைக் குட்டையிலோ வாய்க்காலிலோ கழுவக்கூடாது. நீர்நிலையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டி, கழுவிய நீரை அதில் ஊற்ற வேண்டும். குட்டையில் தலைப்பிரட்டைகள் இருக்கும்போது அதன் ஓரத்து வயலில் மருந்து அடிப்பதைக் கூடிய வரை தள்ளிப் போட வேண்டும். பாலிதீன் விரிப்புப் போட்ட பண்ணைக் குட்டையில் விழுந்த தவளை ஏற முடியாமல் இறக்கும். ஓரத்தில் சாக்கு அல்லது முரட்டுக் கயிற்றைத் தொங்கவிட்டால் ஏறிவிடும். வரப்பு முழுவதையும் செதுக்காமல் ஒரு பக்கமாவது புல் விட்டு வைப்பது நல்லது.

தவளை இருந்தால் மருந்தே வேண்டாம் என்று கூற இயலாது. அது நன்மை செய்யும் சிலந்தியையும் சேர்த்தே தின்னும். இருப்பினும் இரவு முழுவதும் பூச்சி பிடிக்கும் ஓர் ஆளை வயலில் வைத்திருப்பதற்கு ஒப்பானது அது. ஐயம் உள்ளவர்கள், தவளையின் முதுகு, விரல் நுனி, பாதம் மூன்றும் தெரியும்படி படம் எடுத்துப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி விளக்கம் பெறலாம்.