ஒரே ரெய்டரா? உஷார் மச்சி!

கூடலூர் பக்கம் ஸ்ரீமதுரைதான் எங்க ஊர். ஸ்கூல் கபடி டீம்ல எங்க பிளான் ஒரே வரி: 'அண்ணனை அனுப்பு!' அண்ணன் அவுட்னா டீமே காலி.

'ஜெயிக்கிற ஆளை ஏன் மாத்தணும்?'னு கேப்பீங்க. மாத்த வேணாம், கூட ரெண்டு பேரைச் சேருங்க!

2022 புரோ கபடி ஞாபகமிருக்கா? தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்த பவன் ஷெராவத், முதல் மேட்ச்லயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ஆனா நரேந்தரும் அஜிங்க்யா பவாரும் மாறி மாறி ரெய்டு போக, டிஃபன்ஸும் கைகொடுக்க, டீம் முதல்முறையா அரையிறுதிக்கே போச்சு!

தொடர்ந்து ரெண்டு ரெய்டு பாயின்ட் இல்லாம போனா, மூணாவது 'டூ ஆர் டை'. பாயின்ட் எடுக்கலைன்னா ரெய்டர் அவுட். அந்த நேரம் உங்க ஸ்டார் வெளியே உட்கார்ந்திருந்தா?

கோச் சார், பெஞ்சுல இருக்கிற ஒல்லிப் பையனையும் ஒருதடவை பாடிப் போகச் சொல்லுங்களேன்!